மூன்று குறை உள்ள கார்

நாங்கள் நான்கு பேர் ஆறு வருடங்களாக மெல்போர்னில் பழைய அமெரிக்கக் கார்களைப் பார்த்து வந்தோம். ஒன்றைக்கூட வாங்கியதில்லை.

எல்லாக் கார்களையும் அல்ல. அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் வசதி படைத்தவர்களுக்காக அங்கே செய்யப்பட்ட நீளமான கார்கள் மட்டும். முன்சீட் ஒரே பலகையாக, சோபா மாதிரி இருக்கும். டிக்கியில் ஒரு குடும்பமே படுத்துக்கொள்ளலாம். அவற்றைச் செய்த கம்பெனிகளின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் கார், அந்த நிறத்தில், மெல்போர்ன் தமிழர்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கம்பெனியைச் சொன்னால் ஆளையும் சொன்ன மாதிரி.

சனிக்கிழமை காலைகளில் இணையத்தில் விளம்பரம் பார்த்து, விற்பவரிடம் நேரம் கேட்டு, நால்வரும் ஒரே காரில் போவோம். போகும் கார் எப்போதும் எஞ்சினியருடையது. அவர் திருச்சிக்காரர், உணவுப்பொருள் ஆலையொன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். வெள்ளை நிற ஜப்பான் கார். இரண்டாமவர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடம் கார்களுக்குப் பெயின்ட் அடித்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரைப் பெயின்டர் அண்ணன் என்போம். மூன்றாமவர் அக்கா. அவரும் யாழ்ப்பாணம்தான். இருபத்திரண்டு வருடமாக மாநகரப் பேருந்து ஓட்டுகிறார். நான்காவது ஆள் நான். மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் கோப்புகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை. தேதி தப்பாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். பெயின்டர் அண்ணனுக்குக் காரின் உடம்பு. மெல்போர்ன் புறநகரான ஸ்பிரிங்வேலில் ஒரு மளிகைக் கடையில் காலண்டரோடு இலவசமாகக் கிடைத்த பிள்ளையார் காந்தத்தை ஒரு பனியன் துணியில் சுற்றி வைத்திருப்பார். அதைக் கார் முழுக்கத் தடவிக்கொண்டே போவார். தகரம் இருந்தால் காந்தம் பிடிக்கும். அடிபட்டதைப் புட்டிப் பசையால் நிரப்பி மூடிய இடத்தில் நழுவும். எஞ்சினியருக்கு எஞ்சினும் மின்சாரமும். எனக்குத் தேதிகள். உடலில் அறைந்திருக்கும் தகட்டு எண், கண்ணாடி மூலைகளில் பொறித்திருக்கும் குறி, டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம், பழைய ரசீதுகள், எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பேன். ஒரு கோடு போட்ட நோட்டில் எல்லாவற்றையும் எழுதுவேன். அக்காவுக்குக் கடைசி வேலை. ஓட்டிப் பார்ப்பது.

அக்காவின் முறை ஒருபோதும் வரவில்லை என்பதை நான் கவனிக்கவே எனக்கு நான்கு வருடம் ஆயிற்று.

காரணம், மூன்று குறை விதி. அது எஞ்சினியர் கொண்டுவந்தது. அவருடைய ஆலையில் ஒரு தட்டிலிருந்து எடுத்த மாதிரிகளில் மூன்று குறை தென்பட்டால் அந்தத் தட்டு முழுவதும் தள்ளுபடி. எங்கள் குழு தொடங்குவதற்கு முன்னால் அவர் ஒரு பழைய காரை ஆசைப்பட்டு வாங்கி, வீட்டுக்கு வரும் வழியிலேயே அதன் சக்கரம் ஒன்று தனியாக உருண்டு போனதைப் பார்த்தவர். அந்த அடி பட்டபின் அவர் சொன்னது எங்களுக்கு நியாயமாகப் பட்டது. மூன்று குறை கண்டால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். யார் வாங்குவதாக இருந்தாலும் நால்வரும் சரி என்று சொல்ல வேண்டும். கைகுலுக்கி ஒத்துக்கொண்டோம். அக்காவும்தான்.

சிக்கல் என்னவென்றால், மற்ற மூவருக்கும் இது ஒரு பொழுதுபோக்கு. பார்த்து, குறை சொல்லி, ஸ்பிரிங்வேலில் வியட்நாமிய ஃபோ சூப் குடித்து, மதியத்துக்குள் வீடு திரும்பிவிட்டால் எங்கள் சனிக்கிழமை நிறைந்துவிடும். வாங்க வேண்டும் என்று வந்தவர் அக்கா ஒருவர்தான். அதற்காகத் தன் வீட்டுக் கார் கொட்டகையை ஒன்றரை மீட்டர் நீட்டிக் கட்டியிருந்தார். இரண்டு வருடமாக அது காலியாக இருந்தது. அவருடைய கணவர், பாவம், நல்ல மனிதர், அதில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசையைப் போட்டு வைத்திருந்தார்.

"உனக்கேன் பிள்ளை இவ்வளவு பெரிய கார்?" என்று பெயின்டர் அண்ணன் ஒருமுறை கேட்டார்.

"இருபத்திரண்டு வருசம் மணி அடிச்சு அடிச்சு என்னை நிப்பாட்டிப் போட்டினம் அண்ணை. ஆரும் மணி அடிக்கேலாத பெரிய வண்டி ஒண்டு எனக்கு வேணும். வேலையை விடுறதுக்கு முந்தி."

வேலையை விட அவருக்கு அப்போது ஒரு வருடம் இருந்தது. அந்த ஆறு வருடத்தில் மூன்று கார்களில் அவர் மனம் வைத்தார். மூன்றையும் நாங்கள் தள்ளினோம்.

அதில் மூன்றாவது சிட்னியில் இருந்தது. கறுப்பு, அறுபத்து நான்காம் ஆண்டு மாடல். அதைப் பார்க்க முதல்நாளே கிளம்பி ஒன்பது மணி நேரம் போனோம். முதல் குறை, கதவு ஓரத்தில் துரு, பெயின்டர் அண்ணன் சொல்லும் கறள். இரண்டாவது, ரேடியோ புதிது. மூன்றாவது குறையை நான்தான் கண்டுபிடித்தேன். டாஷ்போர்டில் சிகரெட் பற்றவைக்கும் லைட்டர் இல்லை. எங்கள் நால்வரில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை. ஆனாலும் குறை குறைதானே என்று எழுதினேன். அங்கேயே வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் பக்கம் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். திரும்பி வரும்போது ஒன்பது மணி நேரமும் அக்காவே ஓட்டினார், எஞ்சினியர் மாற்றிக்கொள்கிறேன் என்று இரண்டு தடவை சொல்லியும்.

நோட்டைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அதன் பின்பக்கங்களில் வேறொரு பட்டியல் இருந்தது. நாங்கள் தள்ளிய கார்களை நான் எங்கேயாவது மறுபடி பார்க்க நேர்ந்தால் அதையும் எழுதி வைப்பேன். எழுதாமல் இருக்க என்னால் முடியாது. அந்தப் பக்கங்களை யாருக்கும் காட்டியதில்லை. காட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

சித்திரை வருடப் பிறப்புக்கு அடுத்த சனிக்கிழமை நான்காவது காரைப் பார்க்கப் போனோம். அக்காவுக்கு வேலையில் அப்போது ஐந்து வாரம் மீதி. ஸ்பிரிங்வேலில், கடைத்தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. விற்பவர் வியட்நாமியர், எழுபது வயது இருக்கும். நாற்காலி, சோபாக்களுக்கு உறை தைக்கும் தொழிலில் இருந்தவர். வீட்டை விற்றுச் சிறிய அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறார். அங்கே இந்தக் காரின் பாதி நீளத்துக்குத்தான் இடம்.

காலை ஒன்பது நாற்பதுக்கு அவர் கொட்டகைக் கதவைத் தூக்கினார்.

அறுபத்தாறாம் ஆண்டு மாடல். வெண்ணெய் நிறம். ஐந்தே முக்கால் மீட்டர். இடப்பக்க ஸ்டியரிங்கை மாற்றாமல் அப்படியே விட்டிருந்தார். சீட்டுகளை அவர் கையாலேயே தைத்திருந்தார், கரும்பச்சைத் தோலில், ஒரு தையல் கோணாமல். நாங்கள் நான்கு பேரும் கொஞ்ச நேரம் குறை தேடவில்லை. எங்களுக்கு அது புதிது.

"பன்னிரண்டு மணிக்கு சிட்னியிலிருந்து ஒருவர் டிரெய்லரோடு வருகிறார்," என்றார் அவர் ஆங்கிலத்தில். "வந்தால் எடுத்துக்கொண்டுதான் போவார். அவருக்கு முன்னால் வேண்டுமானால் சொல்லுங்கள்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பார்க்க வருபவர்களைத் தனியாக விடும் விற்பனையாளரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கைகளை ஸ்டியரிங் மேல் வைத்தார். நாங்கள் வேலையைத் தொடங்கினோம்.

பத்து நிமிடத்தில் பெயின்டர் அண்ணன் டிக்கிக்குள்ளிருந்து தலையைத் தூக்கினார். "கறள் இருக்கு. உள்ளங்கை அகலம். அடித்தகட்டில."

"ஒண்ணு," என்றார் எஞ்சினியர். அடுத்து அவர் ஜன்னல் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். இடப்பக்கப் பின் ஜன்னல் அசையவில்லை. "மோட்டார் போயிடுச்சு. ரெண்டு."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சினியர் என்னைப் பார்த்தார். "சார், தேதி?"

நான் தகட்டைப் பார்த்தேன். சரியாக இருந்தது. பக்கக் கண்ணாடிகளைப் பார்த்தேன், சரியாக இருந்தன. பிறகு முன்கண்ணாடியின் கீழ்மூலையைப் பார்த்தேன். அங்கே இருந்தது இந்த ஊரில் செய்த கண்ணாடியின் குறி. எப்போதோ கல் பட்டு உடைந்து மாற்றியிருக்கிறார்கள். அந்த நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பழக்கம் விடவில்லை.

"முன்கண்ணாடி ஒரிஜினல் இல்லை," என்றேன்.

"மூணு." எஞ்சினியர் கையிலிருந்த ஃபைலை மூடினார். "சாரி அக்கா. நல்ல வண்டிதான். ஆனா ரூல் ரூல்தான். வாங்க, சூப் குடிக்கப் போலாம்."

மணி பத்து பதினைந்து. அக்கா காரிலிருந்து இறங்கினார். அழப்போகிறாரோ என்று பயந்தேன். அவர் நேராகப் பெயின்டர் அண்ணனிடம் போய்க் கையை நீட்டினார்.

"அண்ணை, அந்தப் பிள்ளையாரைத் தாங்கோ."

அவர் ஒன்றும் புரியாமல் காந்தத்தைக் கொடுத்தார். அக்கா அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். எஞ்சினியரின் வெள்ளைக் காரின் முன் போய் நின்றார்.

"இண்டைக்கு இன்னும் ஒரு கார் பாப்பம்," என்றார்.

"அக்கா, என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டில்லைத் தம்பி. இன்ஸ்பெக்சன்."

காந்தத்தை முன்கதவில் வைத்தார், பிடித்தது. பின்கதவில் பிடித்தது. வலப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே வைத்துக் கையை எடுத்தார். பிள்ளையார் வழுக்கித் தார் ரோட்டில் விழுந்தார்.

"புட்டி!" என்று பெயின்டர் அண்ணன் கத்தினார். அவருக்கு அப்போதே குஷி வந்துவிட்டது. "தம்பி, ஆரிட்டக் குடுத்து அடிச்சனீர்? என்னட்டக் கேட்டிருக்கலாமே!"

"ஒண்டு," என்றார் அக்கா. "அண்ணை, நீங்கள் சில்லைப் பாருங்கோ."

அது எனக்கு. நான் குனிந்து டயரில் இருந்த நான்கு இலக்கத்தைப் படித்தேன். எந்த வாரம், எந்த ஆண்டு செய்தது என்று அதில் இருக்கும். இரண்டு தடவை படித்தேன். பொய் சொல்ல எனக்கு வராது.

"ஒன்பது வருஷம் ஆகுது," என்றேன்.

"சார், நீங்களுமா?" என்றார் எஞ்சினியர்.

"ரெண்டு. தம்பி, இப்ப சாவியைப் போடுங்கோ. ஸ்டார்ட் பண்ணுங்கோ, எந்த லைட் எரியுதெண்டு பாப்பம்."

எஞ்சினியர் அசையவில்லை. அக்கா அவர் கையிலிருந்த சாவியை வாங்கி, தானே கதவைத் திறந்து உள்ளே குனிந்து எஞ்சினை ஓட விட்டார். டாஷ்போர்டில் ஒரு மூலையில் கறுப்பு ஒட்டுப் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. பெரிய சைஸ், கல்யாண வீட்டுக்கு வைக்கிறது. ஆறு வருடமாக அந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறேன், நான் அதைப் பார்த்ததே இல்லை. முன்சீட்டில் உட்கார்ந்து வந்த அக்கா பார்த்திருக்கிறார். நகத்தால் அதை உரித்தார். கீழே எஞ்சின் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

"தரக் கட்டுப்பாடு," என்றார் பெயின்டர் அண்ணன். சிரிப்பு தாங்காமல் பக்கத்து வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"அது வெறும் சென்சார்தான் அண்ணே! மெக்கானிக்கே விடச் சொன்னாரு! பொட்டு என் வொய்ஃப் ஒட்டினது, கண்ணைக் குத்துதுன்னு!"

"மூண்டு," என்றார் அக்கா.

சத்தம் கேட்டு வியட்நாமியர் வெளியே வந்தார். வெள்ளைக் காரைச் சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு தன் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். "மன்னிக்க வேண்டும்," என்றார் மிகவும் மரியாதையாக. "நீங்கள் வாங்க வந்தது எந்தக் காரை?"

எஞ்சினியரே சிரித்துவிட்டார். அப்படிச் சிரித்து அவரை நான் பார்த்ததில்லை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"தம்பி, மூண்டு குறையோட இந்தக் கார் காலமை எங்களை இஞ்ச கொண்டு வந்து சேர்த்ததோ இல்லையோ?"

"சேர்த்துச்சு அக்கா."

"சிட்னிக்குப் போய் வந்ததோ?"

"வந்துச்சு."

"அப்ப ஏன் உங்கட காருக்கு ஒரு கணக்கு, என்ர காருக்கு ஒரு கணக்கு?"

அந்த இடத்தில்தான் நான் நோட்டின் பின்பக்கத்தைத் திறந்தேன். யோசித்துச் செய்ததல்ல. கை தானாகத் திருப்பியது. சத்தமாகப் படித்தேன். அக்கா முதலில் ஆசைப்பட்ட பழுப்புக் கார், நாங்கள் தள்ளி ஏழு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மாலை கடற்கரைச் சாலையில், கூரை மேல் இரண்டு படகோட்டும் துடுப்புகளுடன். இரண்டாவது, நீலம், ஒரு பள்ளி விழா ஊர்வலத்தில், இரண்டு வருடம் அடுத்தடுத்து. சிட்னிக் கறுப்பு, போன தையில், நான் என் மைத்துனன் வீட்டுக்கு சிட்னி போயிருந்தபோது, பாரமட்டாவில் ஒரு மணப்பெண்ணை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் தள்ளியவற்றில் நான் மறுபடி பார்த்த எல்லாக் கார்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒன்றாவது சாலையோரம் நின்று நான் பார்க்கவில்லை.

படித்து முடித்தபோது என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "இதை முன்னாலேயே சொல்லியிருக்கணும் அக்கா," என்றேன். "விதி தப்புன்னு ஆகிடுமேன்னு சொல்லலை. நம்ம சனிக்கிழமை போயிடுமேன்னும்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி, அதைப் பிறகு கதைப்பம்," என்றார். "இப்ப மணி என்ன?"

"பத்து முப்பத்தெட்டு."

"அப்ப என்ர முறை."

வியட்நாமியர் சாவியோடு ஒரு சிறிய புத்தகத்தையும் எடுத்து வந்தார். இந்த மாநிலத்தில் பழைய கார்களை, பழைய கார்ச் சங்கம் ஒன்றின் வழியாகக் கிடைக்கும் அனுமதியில் ஓட்டுபவர்கள், வண்டியை எடுக்கும் ஒவ்வொரு நாளையும் அதில் எழுதி வைக்க வேண்டும். அவர் காரின் பானட் மேல் புத்தகத்தை வைத்து அன்றைய தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நல்ல கையெழுத்து.

கொட்டகையிலிருந்து தெருவுக்கு வரும் பாதை குறுகல். ஒரு பக்கம் செங்கல் சுவர், மறுபக்கம் அவருடைய எலுமிச்சை மரம். நடுவில் ஒரு வளைவு. அதில் ஐந்தே முக்கால் மீட்டரைப் பின்னால் எடுக்க வேண்டும். தான் எடுக்கும்போது இருபது நிமிடம் ஆகும் என்றும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து வழி காட்டுவார் என்றும் வியட்நாமியர் சொன்னார். நாங்கள் மூவரும் உடனே ஆளுக்கு ஒரு மூலையில் நின்று கையை ஆட்ட ஆரம்பித்தோம்.

"ரைட்ல ஒடிங்க அக்கா, ரைட்ல!"

"இல்லையில்லை, இடக்கை, இடக்கை!"

"மரம்! மரம்!"

அக்கா கண்ணாடியை இறக்கினார். "மூண்டு பேரும் புல்லில போய் நில்லுங்கோ."

நின்றோம். எஞ்சின் சத்தம் வந்தது, ஆழமான, அவசரமில்லாத சத்தம். வண்டி நகர்ந்தது. அவர் தலையைத் திருப்பவே இல்லை. பக்கக் கண்ணாடிகளை மட்டும் மாறி மாறிப் பார்த்தார். பின்பக்கம் சுவரை ஒரு சாண் விட்டுத் தாண்டியது. முன்பக்கம் மெல்ல வளைந்து, எலுமிச்சை இலை ஒன்றைக்கூட அசைக்காமல் வந்தது. ஒரே எடுப்பு. நிறுத்தவில்லை, முன்னால் எடுத்துத் திருத்தவில்லை. தெருவில் வந்து, நடைபாதை ஓரத்துக்கு இணையாக, கோடு போட்டது மாதிரி நின்றது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நொடிகூட இல்லை.

வியட்நாமியர் கைதட்டினார். பெயின்டர் அண்ணன் விசிலடித்தார், அவர் வயதுக்கு அது அதிகம். எஞ்சினியர் ஓடிப்போய்க் காரின் ஜன்னலில் குனிந்தார்.

"அக்கா, நான் ஓகே சொல்றேன். எழுதிக்குங்க சார், நான்தான் ஃபர்ஸ்ட்."

"நானும்," என்றார் பெயின்டர் அண்ணன். "கறளை நான் வெட்டி எடுத்துத் தகடு வைச்சுத் தாறன். காசு கதைச்சா நான் வரமாட்டன்."

நான் நோட்டில் எழுதினேன். முதல் முறையாக, குறைகளின் கீழே ஒரு கோடு இழுத்து, அதன் கீழே நால்வரும் சரி என்று எழுதினேன்.

ஸ்பிரிங்வேல் ரோட்டில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பினோம். முன்சீட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் நானும் எஞ்சினியரும், பின்னால் தனியாகப் பெயின்டர் அண்ணன், மந்திரி மாதிரி. அக்கா வியட்நாமியரின் சமையலறை மேசையருகே உட்கார்ந்து, தொலைபேசியிலேயே முன்பணத்தை அனுப்பினார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காலி டிரெய்லர் ஒன்று தெருமுனையில் திரும்பி வந்தது. வியட்நாமியர் வெளியே போய் அதில் வந்தவரிடம் பேசினார். அந்த மனிதர் எங்களைத் தாண்டி வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதை வாங்கியது யார் என்று என்னைக் கேட்டார். பிறகு எஞ்சினியரைக் கேட்டார். அக்கா பச்சைத்தேநீர்க் கோப்பையுடன் வாசலில் நின்று, "நான்தான்," என்றார்.

அக்காவின் பெயரில் சங்க அனுமதி வர மூன்று வாரம் ஆயிற்று. பெயின்டர் அண்ணன் சொன்ன மாதிரியே தகடு வைத்தார். ஜன்னல் மோட்டாரை எஞ்சினியர் கழற்றி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதோடு மல்லுக்கட்டி ஓட வைத்தார். முன்கண்ணாடியை யாரும் தொடவில்லை. நன்றாகத்தான் தெரிகிறது அதன் வழியே.

அக்கா கடைசி நாள் பேருந்தைக் கொண்டுபோய் நிறுத்தியதற்கு மறுநாள், த பேசின் என்ற புறநகரின் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். அவர் முன்னால், நாங்கள் வெள்ளைக் காரில் பின்னால். அந்த வெண்ணெய் நிறக் கார் மலையடிவாரத்து ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறியது. கோயில் நிறுத்துமிடத்தில் அது இரண்டு கார்களுக்கான இடத்தை எடுத்துக்கொண்டது. அர்ச்சனைக்கு வந்தவர்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் சுற்றி வந்தார்கள். ஒரு தாத்தா மட்கார்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஐயர் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். பானட்டில் சந்தனம் வைக்கக் கை நீட்டி, அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துவிட்டு, காரைச் சுற்றி நடந்து போய் வைத்தார். பிறகு பூத்தட்டை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல, நின்றிருந்த ஆண்களின் பக்கம் திரும்பினார். அக்காவின் கணவரும் எங்களோடுதான் நின்றிருந்தார்.

"ஆற்ற பேரில செய்யிறது?"

நாங்கள் நான்கு ஆண்களும் ஒரே நேரத்தில் அக்காவை நோக்கிக் கையைக் காட்டினோம். அக்கா ஒரு அடி முன்னால் வந்து, தன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். பேருந்தில் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல் அது. ஐயர் திருப்பிக் கேட்கத் தேவையிருக்கவில்லை.